பத்தமடைப் பாய் ரீல்ஸுக்கு லைக் குவிகிறது, ஆர்டர் வரவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வியில் சொல்லியிருப்பது: பத்தமடையில் உம்மாவும் சாச்சியும் 2 தறியில் கோரைப் பாய் நெய்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் போட்ட ஒரு ரீல் நன்றாக ஓடியது. "சூப்பர்", "எங்க ஊரு பெருமை" என்று கமென்ட் கொட்டியது. வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பணம் கட்டி பூஸ்ட் பண்ணலாமா?

இப்போதைக்குப் பூஸ்ட் வேண்டாம். ஓட்டைக் குடத்தில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான் ஆகும். ஓட்டை எங்கே என்று முதலில் பார்ப்போம்.

பாய் கை வைத்துப் பார்த்து வாங்குகிற பொருள். கடைக்கு வருகிறவர் உள்ளங்கையால் தடவுவார், ஓரத்தை மடிப்பார், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், மோந்துகூடப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விலை கேட்பார். போனில் பார்ப்பவருக்குக் கை இல்லை. அவர் கை செய்திருக்கும் வேலையை உங்கள் வீடியோ செய்ய வேண்டும். ஆற்றங்கரை, ட்ரோன் காட்சி, பின்னால் ஒரு சினிமாப் பாட்டு என்று எடுத்தால் லைக் வரும், ஏனென்றால் அது ஊரைப் பற்றிய வீடியோ. பாயைப் பற்றி வாங்குபவருக்கு எதுவும் தெரிவதில்லை.

எனவே ஒரு பாய்க்கு ஒரு 20 வினாடி வீடியோ இப்படி எடுங்கள். போனை நெடுக்காகப் பிடியுங்கள் (9:16). லென்ஸைத் துணியால் துடையுங்கள். சமையலறையிலும் தறியிலும் புழங்குகிற போனில் லென்ஸ் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்காது. காலை 7 முதல் 9 மணிக்குள், வாசல் நிழலில் எடுங்கள். நம்ம ஊர் உச்சி வெயிலில் சிவப்பு வெளுத்துப்போகும். டியூப்லைட்டில் எடுத்தால் கோரையின் இயல்பான வெளிர்மஞ்சள் பச்சையடிக்கும். பாய் ஓரத்தில் ஒரு வெள்ளை வேட்டியை மடித்து வையுங்கள். திரையில் பாய் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். வேட்டி திரையில் வெள்ளையாகத் தெரிந்தால் பாயின் நிறமும் சரியாகத் தெரிகிறது என்று அர்த்தம். "போட்டோவில் அரக்குச் சிவப்பு, வந்தது ஆரஞ்சு" என்கிற புகார் பல நேரம் சாயத்தின் குற்றமே இல்லை, கேமராவின் குற்றம்.

முதல் 2 வினாடியில் பாயை நான்காக மடியுங்கள், புடவை மடிப்பது போல. நைஸ் பாய் (மெல்லிய கோரையில் நெருக்கமாக நெய்த பாய்) உடையாமல் துணி மாதிரி மடிகிறது என்பதுதான் வெளியூர்க்காரரை நிறுத்தி வைக்கும் காட்சி. அடுத்து ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, ஓர் அங்குலத்தில் எத்தனை பாவு நூல் (நெடுக்காக ஓடும் நூல்) ஓடுகிறது என்று ஊசி முனையால் எண்ணிக் காட்டுங்கள். 100 கவுண்ட், 120 கவுண்ட், 140 கவுண்ட் என்று நெசவின் நேர்த்தியைச் சொல்வது உங்களுக்குத் தெரிந்த கணக்கு. சென்னையில் பாய் தேடுகிறவருக்கு அது வெறும் நம்பர். ஸ்கேலும் ஊசியும் யாருக்கும் புரியும். பிறகு சாதாரணப் பாயையும் நைஸ் பாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே கோணத்தில் ஒரு காட்சி. விசைத்தறிக் கோரைப் பாயும் பிளாஸ்டிக் பாயும் குறைந்த விலைக்குக் கிடைக்கிற சந்தையில், உங்கள் விலை ஏன் கூட என்பதற்கு இந்த ஒரு காட்சிதான் பதில்.

பாட்டு வேண்டாம். பிசினஸ் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் பெரும்பாலான சினிமாப் பாட்டுகளைத் தருவதில்லை. வெளியிலிருந்து ஒட்டினால் ஒலியை அடைத்துவிட வாய்ப்பு உண்டு. தறிச் சத்தமே போதும். அச்சு அடிக்கிற அந்தச் சத்தம் வேறு யாருடைய ரீலிலும் இருக்காது. எழுத்துப் போடுவதாக இருந்தால் திரையின் கீழ்க் கால்பாகத்தில் போடாதீர்கள். அங்கே கேப்ஷனும் கணக்குப் பெயரும் வந்து மறைத்துவிடும்.

இப்போது அந்த ஓட்டைக்கு வருவோம்: விலை. "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று போடுவதை இன்றே நிறுத்துங்கள். கேட்கலாமா வேண்டாமா என்று கூச்சப்படுகிறவர், விலை எட்டாது என்று தானே முடிவு செய்துவிட்டுப் போய்விடுவார். கேட்கிறவருக்கு நீங்கள் 4 மணி நேரம் கழித்துப் பதில் சொன்னால் அவர் வேறு எங்கோ போயிருப்பார். கேப்ஷனின் முதல் வரியிலேயே அளவு, விலை, நெய்ய ஆகும் நாள், அனுப்பும் செலவு நான்கையும் எழுதுங்கள். பக்கத்துக் கடைக்காரருக்கு விலை தெரிந்துவிடுமே என்ற பயம் புரிகிறது. அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

விற்பனை நடக்கிற இடம் வாட்ஸ்அப்தான். இன்ஸ்டாகிராம் ஆளைத் திண்ணை வரை கூட்டிவரும், உள்ளே அழைத்து உட்கார வைப்பது உங்கள் பதில். தனி சிம் போட்டு வாட்ஸ்அப் பிசினஸ் நிறுவுங்கள். வீட்டு நம்பரில் வேண்டாம். அதிலுள்ள கேட்டலாகில் (பொருள் பட்டியலில்) 500 பொருள் வரை ஏற்றலாம், உங்களுக்கு 8 போதும். வரவேற்புச் செய்தியை ஆன் செய்யுங்கள். புதிதாக எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மீண்டும் எழுதுகிறவருக்கும் அது தானாகப் போகும். அடிக்கடி வரும் கேள்விகளுக்குக் குவிக் ரிப்ளை (தயார் பதில்) எழுதி வையுங்கள். 50 வரை வைக்கலாம். விலை, நெய்யும் நாள், பராமரிப்பு, பார்சல் என 4 இருந்தால் உங்கள் வேலை பாதி குறையும்.

"அக்கா, கல்யாணப் பாய் வெல என்ன?" என்று ஒருவர் கேட்கிறார். "பல ரேட்ல இருக்கு, எது வேணும்?" என்று பதில் போனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எது வேண்டும் என்பது அவருக்கே தெரியாது. விலையையும் அளவையும் ஒரே வரியில் சொல்லிவிட்டு, "கல்யாணம் என்னைக்கு?" என்று கேளுங்கள். தேதியைச் சொல்லிவிட்டவர் வாங்குகிற மனநிலைக்கு வந்துவிடுவார். அந்தத் தேதிக்கு முடியுமா முடியாதா என்று உங்களுக்கும் அப்போதே தெரிந்துவிடும். முடியாது என்றால் உடனே சொல்லுங்கள். மணமக்கள் பெயர் போடாத ரெடி பாய் இருந்தால் அதன் படத்தை அனுப்புங்கள்.

பெயர் போட்ட பாயில்தான் லாபமும் அதிகம், தகராறும் அதிகம். மணமக்கள் பெயரை வாய்ஸ் மெசேஜில் வாங்கவே வாங்காதீர்கள். ல, ள, ழ மூன்றும் காதில் குழம்பும். ந, ன, ண அதைவிட மோசம். நெய்த எழுத்தை அழிக்க முடியாது, பாயே வீண். வாடிக்கையாளரே தமிழில் டைப் செய்து அனுப்பட்டும், முடிந்தால் பத்திரிகையின் படத்தையும் கேளுங்கள். அதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, படம் எடுத்து அனுப்பி, "சரி" என்று எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகுதான் பாவு ஏற்ற வேண்டும். ஒவ்வோர் ஆர்டருக்கும் வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போடுங்கள்: "பெயர் வரவில்லை", "முன்பணம் வந்தது", "தறியில்", "அனுப்பியது". 2 தறிக்கு இதுவே போதுமான கணக்குப் புத்தகம்.

நெய்யும்போது ஒவ்வோர் அரை அடிக்கும் ஒரு படம் எடுத்து அந்த வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். காசு செலவில்லாத விளம்பரம் இது. பெண்ணின் பெயர் பாதி நெய்து நிற்கிற படம் அன்றைக்கே அவர்கள் குடும்பக் குரூப்புக்குப் போகும். அந்தக் குரூப்பில் அடுத்த வருஷம் கல்யாணம் வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். ஆனால் அந்தப் படத்தை நீங்கள் உங்கள் பக்கத்தில் போடுவதாக இருந்தால் அனுமதி கேளுங்கள், கல்யாணம் முடிந்த பிறகு போடுங்கள். கல்யாண போட்டோகிராஃபர் பாயை எடுத்திருந்தால், அந்தப் பதிவில் உங்களையும் கூட்டுக் கணக்காகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரே பதிவு இரண்டு பக்கத்திலும் தெரியும்.

மாதக் கணக்கை மறக்கக் கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தை முகூர்த்தத்துக்குப் பாய் வேண்டும் என்றால் இன்ஸ்டாகிராம் பதிவு புரட்டாசியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். நைஸ் பாய் வாரக்கணக்கில் இழுக்கிற வேலை. அதோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் கோரையும் காயாது, சாயமும் காயாது. அந்த மாதங்களில் வழக்கமான நாளோடு 10 நாள் கூட்டியே சொல்லுங்கள். ஈரம் போகாத பாயைச் சுருட்டி பிளாஸ்டிக்கில் அடைத்து அனுப்பினால், மும்பை போய்ச் சேரும்போது பூஞ்சை பிடித்திருக்கும். அந்தப் படம் உங்கள் கமென்டில் வந்து நிற்கும்.

அப்படிப் புகார் வந்தால் அழிக்காதீர்கள். அழித்தால் அவர் இன்னும் நான்கு இடத்தில் எழுதுவார். கீழேயே 2 வரியில், "பார்த்தோம். மாற்றித் தருகிறோம். வாட்ஸ்அப்பில் பேசுகிறோம்" என்று எழுதிவிட்டு, மீதியைத் தனியாகப் பேசுங்கள். அந்தக் கமென்டைப் படிக்கிற மற்றவர்கள் பார்ப்பது உங்கள் பதிலைத்தான்.

பார்சலைப் பற்றியும் விலை எழுதும்போதே யோசியுங்கள். 4 அடி அகலப் பாயைச் சுருட்டிக் குழாயில் போட்டால் 125 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். பெரும்பாலான கூரியர்கள் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள்: 3.6 கிலோ. நிஜ எடை 2 கிலோதான் என்றாலும் 3.6-க்குத்தான் காசு. இது தெரியாமல் "டெலிவரி ஃப்ரீ" என்று போட்டு லாபத்தைக் கூரியருக்குக் கொடுத்தவர்கள் நிறைய. பார்சலுக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: எதிர்ப்பக்கமாக ஒருமுறை சுருட்டி வைத்தால் பாய் தட்டையாகும், தண்ணீரில் நனைக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தவும், எங்கள் நம்பரை சேவ் செய்துகொள்ளவும்.

அந்தக் கடைசி வரிக்குக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சேவ் செய்திருக்க வேண்டும். வாடிக்கையாளர்களைக் குரூப்பில் போடாதீர்கள். எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிந்துவிடும், குட்மார்னிங் படங்களில் உங்கள் பாய் காணாமல் போகும். தெரியாத நம்பர்களுக்கு மொத்தமாக அனுப்புவதும் வேண்டாம். நாலு பேர் பிளாக் செய்து ரிப்போர்ட் அடித்தால் நம்பரே முடக்கப்படலாம்.

பணம் வந்துவிட்டது என்று ஸ்கிரீன்ஷாட் வந்தால் நம்பாதீர்கள். போலியாகச் செய்வது சுலபம். உங்கள் வங்கிக் கணக்கில் பார்த்த பிறகு நெய்யுங்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், 50 பாய் வேண்டும், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, முன்பணம் வரும்" என்று ஒருவர் வருவார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது. உம்மாவுக்கும் சாச்சிக்கும் இதைச் சொல்லிவையுங்கள், போனை அவர்களும் எடுப்பார்கள்.

ஹேஷ்டேக்கில் மண்டையை உடைக்க வேண்டாம், 4 போதும். அதைவிட, இன்ஸ்டாகிராம் பெயர்க் கட்டத்தில் "பத்தமடை பாய்" என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள். தேடுகிறவர் அதைத்தான் அடிப்பார். 1953-இல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்குப் பத்தமடைப் பாய் போன கதையை ஒரு தடவை சொல்லி மேலே பின் செய்துவிடுங்கள். ஊரில் எல்லாரும் அதையே சொல்வதால், அதைக் கேட்டு யாரும் உங்களிடம் தனியாக வரப்போவதில்லை. புவிசார் குறியீடு வாங்கிய பெயர் இது. வெளியூர் விசைத்தறிப் பாயை வாங்கிப் பத்தமடை என்று விற்றால் ஒரு ஸ்கேல் வீடியோவிலேயே வெளுத்துவிடும்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்துவிட்டீர்களா? பாபநாசத்துக்கும், சீசனில் குற்றாலத்துக்கும் போகிறவர்கள் அம்பாசமுத்திரம் சாலையில் வரும்போது போனில் தேடுவார்கள். மேப்பில் உங்கள் கடையின் குறி சரியான தெருவில் நிற்க வேண்டும். கடை நேரமும் வெள்ளிக்கிழமை மதியம் எத்தனை மணிக்கு அடைப்பீர்கள் என்பதும் இருக்க வேண்டும்.

இவ்வளவும் ஓடத் தொடங்கி, ஏதாவது ஒரு ரீலைப் பார்த்து நிறையப் பேர் விலை கேட்டு எழுதினால், அந்த ரீலுக்கு மட்டும் காசு போடுங்கள். பூஸ்ட் பட்டனை விட ஆட்ஸ் மேனேஜரில் (மெட்டாவின் விளம்பரப் பக்கத்தில்), வாட்ஸ்அப் மெசேஜ் வருவதை இலக்காக வைத்துப் போடுவது மேல். திருநெல்வேலிக்குக் காட்ட வேண்டாம், இங்குள்ளவர் நேரில் வந்துவிடுவார். சென்னை, கோவை, பெங்களூர், மும்பை என்று வைத்து, மொழி தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். நாளுக்கு 200 ரூபாய், 5 நாள். 18% ஜிஎஸ்டி சேர்த்து 1,180 ரூபாய். அதில் 20 பேர் எழுதி 2 பேர் வாங்கினால் ஓர் ஆர்டருக்கு 590 ரூபாய் செலவு. சாதாரணப் பாயில் உங்களுக்கு 400 ரூபாய்தான் நிற்கும் என்றால் இது நஷ்டம். பெயர் போட்ட பாயில் 2,000 நிற்கும் என்றால் தாராளமாகத் தொடரலாம். லைக் எத்தனை, வியூ எத்தனை என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

2 தறியும் நிறைந்த அன்றே விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள். பயோவில், அடுத்து எந்த முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுக்கிறீர்கள் என்று தேதியோடு மாற்றி எழுதுங்கள்.