கணினி அக்கா பதில்கள்: கோலா புதுசா, ஜெல்லிஃபிஷ் புதுசா?

அக்கா, கல்லூரியில் ஆண்ட்ராய்ட் செயலி எழுதப் பழகுகிறேன். விரிவுரையாளர் ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ ‘கோலா’ வேண்டும் என்கிறார். என் மடிக்கணினியில் இருப்பது ‘ஜெல்லிஃபிஷ்’. எது புதியது? மென்பொருளுக்கு எதற்கு மிருகப் பெயர்?
– மாணவர், பட்டர்வொர்த்

ஆங்கில எழுத்து வரிசையைச் சொல்லிப் பாருங்கள் தம்பி. ஜேக்கு அடுத்தது கே. அதனால் கோலாதான் புதியது. 2021 ஜூலையில் ‘ஆர்க்டிக் ஃபாக்ஸ்’ வந்ததிலிருந்து இந்த மிருக வரிசை. அதற்கு முன்பு 4.1, 4.2 என்று வெறும் எண்தான்.

சரி, எண்ணை விட்டுவிட்டார்களா? இல்லை, அதையும் குழப்பிவிட்டார்கள். ஜெல்லிஃபிஷின் எண் 2023.3.1, வெளிவந்ததோ 2024 ஏப்ரலில். ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவுக்கு அடித்தளம் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் ‘இன்டெலிஜே’ என்ற நிரல் எழுதும் கருவி. எண்ணில் முதலில் நிற்பது அந்த இன்டெலிஜே பதிப்பின் ஆண்டு. கோலாவில் 2024.1.1 ஒன்று, ‘ஃபீச்சர் டிராப்’ என்ற ஒட்டுப் பெயரோடு 2024.1.2 இன்னொன்று. இரண்டும் கோலாதான்! கோலாலம்பூரில் என் குழுப் பிள்ளைகள் பிழை அறிக்கையில் மிருகத்தை மட்டும் எழுதினால், எண்ணைப் போடு என்று திருப்பி அனுப்பிவிடுவேன். உங்கள் விரிவுரையாளரிடமும் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டுக்கே ஒரு காலத்தில் இதே எழுத்து வரிசையில் இனிப்புப் பெயர்கள் இருந்தன. 2009இல் 1.5 ‘கப்கேக்’, 2018இல் 9 ‘பை’. அடுத்த ஆண்டு வெறும் ‘ஆண்ட்ராய்ட் 10’ என்று நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் பெயர்கள் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் புரிவதில்லை, எல், ஆர் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும் மொழிகளும் உண்டு என்று கூகுள் காரணம் சொன்னது. நியாயம்தான். நம்மைக் கேட்டிருந்தால் சி எழுத்துக்குப் பினாங்கு செண்டோலைக் கொடுத்திருப்போம்.

என் ஓட்டு உபுண்டு இயங்குதளத்துக்கு. 24.04 என்றால் 2024 நான்காம் மாதம், அவ்வளவுதான். ‘நோபிள் நம்பட்’ என்ற செல்லப் பெயரும் உண்டு; ஆசைப்பட்டவர்கள் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

நிரல் எழுதும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோ 2013இன் உள் எண் 12. அடுத்து வந்த 2015க்கு 14. 13 எங்கே போனது? பழைய ஆவணங்களில் ‘விட்பி’, ‘ஓர்க்காஸ்’ என்றும் வருகிறதே, அவை என்ன?
– வாசகி, செந்தூல்

கோலாலம்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? நம் ஊர் அடுக்குமாடி லிஃப்டுகளில் 4க்குப் பதில் 3ஏ பொத்தான் இருக்கிறதே. சீனர்களுக்கு 4 ஆகாது, மேல்நாட்டார் பலருக்கு 13 ஆகாது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸிலும் இதே கதைதான்: 2007க்கு 12, 2010க்கு 14.

விட்பி என்பது 2005 பதிப்பு, ஓர்க்காஸ் 2008. இரண்டும் வாஷிங்டன் மாநிலத் தீவுகள், மைக்ரோசாஃப்ட் தலைமையகம் இருக்கும் அதே மாநிலம். விற்பனைப் பெயர் முடிவாகும் முன்பே வேலை தொடங்கிவிடும். அதுவரை உள்ளே கூப்பிட ஒரு பெயர் வேண்டுமில்லையா, அதற்காக வைத்தவை.