1977 இலங்கைப் பாராளுமன்றத்தில் ஒரு தமிழர் எப்படி எதிர்க்கட்சித் தலைவரானார்? அப்போது கட்சிகளின் பலம் எப்படி இருந்தது?

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். மொத்தம் 168 ஆசனங்கள். ஐக்கிய தேசியக் கட்சி 140, தமிழர் விடுதலைக் கூட்டணி 18, சிறீலங்கா சுதந்திரக் கட்சி 8, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் 1, சுயேச்சை 1. எதிரணியில் பெரிய கட்சி கூட்டணி. அதனால் அதன் செயலாளர் நாயகமாக இருந்த காங்கேசன்துறை எம்.பி. அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

ஆனால் இது 1977 ஜூலை 21 தேர்தல் முடிந்த கையோடு இருந்த கணக்கு. அந்தச் சபை 1988 டிசம்பர் வரை, பதினொரு வருடத்துக்கு மேல் இருந்தது. முடியும்போது அதற்குள் இருந்தவர்கள் வேறு.

முதலில் வாக்குக் கணக்கு. ஐ.தே.க.வுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 51 சதவீதம். சுதந்திரக் கட்சிக்கு 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டணிக்கு 7 சதவீதம்கூட இல்லை. முப்பது சதவீதத்துக்கு 8 ஆசனம், ஏழு சதவீதத்துக்கு 18 ஆசனமா என்று இன்றைக்கும் சிலர் கோபப்படுகிறார்கள், ஏதோ தமிழர்கள் பின்கதவால் வந்து கதிரையில் உட்கார்ந்துகொண்ட மாதிரி. வகுத்துப் பார்த்தால் கோபம் வேறு பக்கம் திரும்பும். ஐ.தே.க. சுமார் 31.8 இலட்சம் வாக்குக்கு 140 பேர், அதாவது ஆளுக்கு 23 ஆயிரம் வரை. கூட்டணி சுமார் 4.2 இலட்சத்துக்கு 18 பேர், அதுவும் ஆளுக்கு 23 ஆயிரத்தை ஒட்டித்தான். சுதந்திரக் கட்சிக்குத்தான் ஓர் ஆசனத்துக்கு இரண்டேகால் இலட்சத்துக்கு மேல் தேவைப்பட்டது.

தொகுதியில் ஒரு வாக்குக் கூடினாலும் வெற்றி என்ற பழைய முறைதான் காரணம். சுதந்திரக் கட்சியின் வாக்கு தெற்கு முழுவதும் பரவிக் கிடந்தது, தொகுதி தொகுதியாக இரண்டாம் இடம். கூட்டணியின் வாக்கு வடக்கு கிழக்கில் குவிந்திருந்தது. தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்ற 1976 மே மாத வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கு ஆணை கேட்ட தேர்தல் அது. வடக்கின் 14 தொகுதியும் அப்படியே விழுந்தன, கிழக்கில் திருகோணமலை, மட்டக்களப்பு, பட்டிருப்பு, பொத்துவில் என்று நான்கு. இதே முறை 1970-ல் மறுபக்கம் அடித்தது. அந்தத் தேர்தலில் ஐ.தே.க. சுதந்திரக் கட்சியைவிடக் கூடுதல் வாக்கு எடுத்தும் 17 ஆசனம்தான் பெற்றது, சுதந்திரக் கட்சிக்கு 91. அப்போது சிரித்தவர்கள் 1977-ல் அழுதார்கள், அவ்வளவுதான்.

இடதுசாரிகளுக்கு ஒன்றுமே இல்லை. என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன் எல்லோரும் தோற்றார்கள். 1947-இலிருந்து ஒவ்வொரு பாராளுமன்றத்திலும் இருந்த சமசமாஜிகள் (இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியினர்) இல்லாத முதல் சபை இதுதான். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது பற்றிப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தெற்கில் எதிர்ப்பு என்று சொல்லிக்கொள்ள யாரும் மிஞ்சாததால்தான் அந்தக் கதிரை யாழ்ப்பாணத்துக்கு வந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. 168-ல் 140 என்பது சரியாக ஆறில் ஐந்து பங்கு. அரசியலமைப்பை மாற்ற மூன்றில் இரண்டே போதும். ஐ.தே.க. தலைவர் ஜே.ஆர். ஜயவர்தன 1978 பெப்ரவரியில் நிறைவேற்று அதிகார ஜனாதிபதியானதும், அதே வருடம் செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு வந்ததும் இந்தப் பலத்தில்தான். அந்த அரசியலமைப்பு தேர்தல் முறையை விகிதாசாரமாக மாற்றியது. இனி யாருக்கும் ஆறில் ஐந்து கிடைக்காது. அந்தப் பலத்தை வைத்திருந்தவர்களுக்கும்தான்.

சரி, ஆட்கள் மாறிய கதைக்கு வருவோம். கூட்டணியின் 18 முதல் வருடமே தேய ஆரம்பித்தது. பொத்துவில் எம்.பி. கனகரத்தினம் 1977 முடிவதற்குள் அரசாங்கப் பக்கம் போனார். அடுத்த மாதமே கொழும்பில் அவரைச் சுட்டார்கள், 1980-ல் இறந்தார். அவர் இடத்துக்கு அவருடைய சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் நியமிக்கப்பட்டார். மட்டக்களப்பின் செ. இராசதுரை 1979-ல் போய் அமைச்சரானார். கூட்டணிக்கு வெளியிலும் இதே கதை: நுவரெலியா மஸ்கெலியாவில் வென்ற தொழிலாளர் காங்கிரஸ் தொண்டமான் 1978-லேயே அமைச்சரவைக்குள். புதிய அரசியலமைப்பில் வெற்றிடம் வந்தால் கட்சியே ஆளை நியமிக்கலாம். கோப்பாயில் கதிரவேற்பிள்ளை இறந்தபோது ஆலாலசுந்தரம் வந்ததும், வட்டுக்கோட்டையில் திருநாவுக்கரசு இறந்தபின் நீலன் திருச்செல்வம் வந்ததும் அப்படித்தான். வாக்காளரை யாரும் கேட்கவில்லை.

1980 ஒக்டோபரில் சுதந்திரக் கட்சித் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமையை ஏழு வருடத்துக்குப் பறித்து அவரைச் சபையிலிருந்தும் நீக்கினார்கள். 1981 ஜூலையில் அதைவிட விநோதம்: அரசாங்கக் கட்சி எதிர்க்கட்சித் தலைவர் மேல் நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேற்றியது! அரசாங்கத்தின் நம்பிக்கை எதிர்க்கட்சித் தலைவருக்கு எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. யாழ்ப்பாணம் நூலகம் எரிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது.

பிறகு 1982. ஒக்டோபரில் ஜே.ஆர். ஏறத்தாழ 53 சதவீதத்தோடு மறுபடி ஜனாதிபதி. அதே விகிதம் பொதுத்தேர்தலில் வந்தால் மூன்றில் இரண்டு தங்காது. அதனால் தேர்தலே வேண்டாம், இருக்கிற சபையை ஆறு வருடம் நீட்டலாமா என்று டிசம்பர் 22-ல் சர்வசன வாக்கெடுப்பு வைத்தார். அதற்கு முன்பே தன் எம்.பி.மாரிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

வாக்குச்சீட்டில் இரண்டு சின்னம்: விளக்கு என்றால் நீட்டலாம், குடம் என்றால் வேண்டாம். எங்கள் வீடு மானிப்பாய்த் தொகுதியில், எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மம்மா அம்மாவிடம், “விளக்கு எண்டால் நல்லதுதானே பிள்ளை, ஏன் குடத்துக்குப் போடச் சொல்லினம்?” என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. அம்மா, “விளக்கு அவையின்ரை, குடம்தான் எங்கடை” என்றார். அம்மம்மா குடத்துக்குத்தான் போட்டிருப்பார். யாழ் மாவட்டத்தில் பத்துக்கு ஒன்பது வாக்கு குடத்துக்கு. நாடு முழுவதும் விளக்கு கிட்டத்தட்ட 55 சதவீதத்தில் வென்றது.

அடுத்த மே மாதம் 18 தொகுதிகளில் இடைத்தேர்தல் வைத்தார்கள். ஜே.ஆர். பெட்டிக்குள் வைத்திருந்த இராஜினாமாக் கடிதங்கள் ஆசனங்களைக் காலியாக்க உதவின. 14 ஐ.தே.க.வுக்கு, 3 சுதந்திரக் கட்சிக்கு, மகரகமவில் தினேஷ் குணவர்தன.

கூட்டணி, மக்கள் தந்த ஆணை ஆறு வருடத்துக்குத்தான், 1983 ஆகஸ்டுக்குப் பிறகு நாங்கள் அந்தச் சபையில் இருக்கமாட்டோம் என்ற நிலைப்பாட்டுக்கு வந்திருந்தது. அதற்குள் ஜூலைக் கலவரம். ஆகஸ்டில் ஆறாவது திருத்தம்: தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று எல்லா எம்.பி.யும் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். கூட்டணியினர் செய்யவில்லை, சபைக்கும் போகவில்லை, மூன்று மாதத்தில் ஆசனங்கள் போயின. எதிர்க்கட்சித் தலைவர் பதவி சுதந்திரக் கட்சியின் அநுரா பண்டாரநாயக்காவுக்குப் போனது. என் பார்வையில், எதிர்க்கட்சி தேர்தலில் தோற்காமலே சபையை விட்டுப் போன கதை இது.

அந்தப் பதினெட்டிலும் அவர்கள் இடத்துக்கு வந்தவர்களிலும் சிலருடைய முடிவு தெரிந்ததுதான். எங்கள் எம்.பி. வி. தர்மலிங்கமும் ஆலாலசுந்தரமும் 1985 செப்டம்பரில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். அமிர்தலிங்கமும் யாழ்ப்பாணம் எம்.பி.யாக இருந்த யோகேஸ்வரனும் 1989 ஜூலையில் கொழும்பில் சுடப்பட்டார்கள். நீலன் 1999-ல் குண்டுத்தாக்குதலில் கொல்லப்பட்டார்.

சபை மட்டும் நடந்துகொண்டிருந்தது. காலிமுகத்திடல் கட்டடத்தில் தொடங்கியது, 1982-இலிருந்து கோட்டேயில் ஏரி நடுவே ஜெப்ரி பாவா வடிவமைத்த புதுக் கட்டடத்தில். 1987 ஆகஸ்டில் அங்கே நடந்த ஐ.தே.க. கூட்டத்தில் கைக்குண்டு வீச்சு, கீர்த்தி அபேவிக்ரம என்ற எம்.பி. உயிரிழந்தார். நவம்பரில் அதே சபைதான் மாகாண சபைகளுக்கான 13-ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. வடக்கு கிழக்குக்காக என்று சொல்லப்பட்ட சட்டம் அது. வாக்கெடுத்தபோது கூட்டணி எம்.பி. ஒருவர்கூட உள்ளே இல்லை.

பின்னூட்டத்தில் ஒருவர் 2015-ல் இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானதும் இதே மாதிரியா என்று கேட்டிருக்கிறார். அவரும் 1977-ல் திருகோணமலையில் வென்ற அந்தப் பதினெட்டில் ஒருவர்தான். ஆனால் காரணம் வேறு. 2015-ல் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து அரசாங்கம் அமைத்தன, அதனால் 16 ஆசனத்தோடு கதிரை இந்தப் பக்கம் வந்தது. அது விகிதாசார முறையின் கணக்கு, தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.