பதிவு செய்யாத கூட்டு மருத்துவமனையைக் கலைக்க வழக்குத் தொடர முடியுமா?

இரு மருத்துவர்கள் கூட்டாக நடத்தும் மருத்துவமனையிலிருந்து ஒருவர் விலக விரும்ப, மற்றவரோ ‘கூட்டு பதிவாகவில்லை, வழக்கே செல்லாது’ என்று கணக்குக் காட்ட மறுப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வது பாதிதான் சரி. 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, பதிவில்லாத கூட்டின் கூட்டாளிகள் ஒருவர் மீது ஒருவர் தொடுக்கும் வழக்குகளைப் பொதுவாகத் தடுத்தாலும், கூட்டைக் கலைக்கவும் கலைந்த கூட்டின் கணக்கைத் தீர்க்கவும் தொடுக்கும் வழக்கை அதே பிரிவு அனுமதிக்கிறது.

ஒப்பந்தத்தில் காலவரையறையோ முடிவுக்கு வரும் விதமோ சொல்லப்படவில்லை என்றால், மற்றக் கூட்டாளிகள் எல்லோருக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தே கலைத்துவிடலாம். கலைந்த நாளிலிருந்து கணக்கைத் தீர்க்கக் கோரி வழக்குத் தொடுப்பதற்கான 3 ஆண்டுக் கெடு ஓடத் தொடங்குவதால், சமரசப் பேச்சை நம்பி அதைத் தவறவிட வேண்டாம்.

சண்டை பெரும்பாலும் மூள்வது ஸ்கேன் இயந்திரத்தில்தான். ரசீது யார் பெயரில் இருந்தாலும், கூட்டின் பணத்தில் வாங்கியது, வேறு எண்ணம் புலப்படாதவரை, கூட்டின் சொத்தாகவே கருதப்படும். கோபத்தில் அதை இரவோடு இரவாகத் தூக்கிச் செல்பவர், 1994ஆம் ஆண்டின் கருப்பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்காத குற்றத்துக்கும் ஆளாகலாம். சொத்தை விற்று வரும் பணத்தில் வெளிக்கடன் முதலில் அடைபடும். கூட்டாளிகள் தந்த கைமாற்று அடுத்து. முதலீடு அதற்கும் பிறகே.