வெடித்த கைக்கு ரிப்பேர் பாம்: பூசும் நேரமும் அளவும்

கேள்வி: பாத்திரம் தேய்த்துத் தேய்த்துப் புறங்கை வறண்டு, சிவந்து, எரிகிறது. மருந்துக்கடையில் 'பாந்தெனால் 5%' (தோலுக்கு ஈரம் தரும், வைட்டமின் B5 வகைப் பொருள்) என்று போட்ட ரிப்பேர் பாம், அதாவது வெடித்த தோலுக்கான கெட்டிக் களிம்பு, கொடுத்தார்கள். பத்து நாளாகப் பூசியும் பிசுபிசுப்புதான் மிச்சம். ஏன்?
– வாசகி, சேலம்

பதில்: பெரும்பாலும் பூசும் நேரமும் அளவும்தான் காரணம். இந்த பாமின் முக்கிய வேலை, தோலில் இருக்கிற ஈரம் ஆவியாகாமல் மூடி வைப்பது. காய்ந்த கையில் பூசினால் மூடுவதற்கே ஒன்றும் இருக்காது. கை கழுவியதும் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு (தேய்க்கக் கூடாது), லேசான ஈரம் இருக்கும்போதே, 3 நிமிடத்துக்குள் பூசுங்கள்.

ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். ஒரு கையின் இருபுறத்துக்கும் அது போதும். உங்களுக்குப் புறங்கை மட்டும்தான் என்றால் இரண்டு கைக்கும் சேர்த்தே அவ்வளவுதான். அதற்கு மேல் போட்டால் நைட்டியில்தான் ஒட்டும். படுக்கும் முன் மட்டும் சற்றுத் தாராளமாகப் பூசி, மேலே பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பு காரத்தன்மை கொண்டது, தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. தினமும் மூன்று வேளை வெறுங்கையால் தேய்த்தால் எந்த பாமும் ஈடுகொடுக்காது. ரப்பர் கையுறை போடுங்கள், உள்ளே பருத்திக் கையுறையும். வெறும் ரப்பருக்குள் வியர்த்து ஊறினால் எரிச்சல் கூடும்.

வெடிப்பில் பட்டதும் ஒரு நிமிடம் சுரீரென்றால் பயமில்லை. அரிப்பு தொடர்ந்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். அதில் உள்ள வாசனைப் பொருளோ லானோலினோ (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு) ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். விரல் இடுக்கு வெள்ளையாக ஊறிப்போயிருந்தால் அது வறட்சி இல்லை, பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அங்கே பாம் பூசினால் முற்றும். 'சீக்கிரம் ஆறும்' என்று கடையில் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நீட்டினால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லை, அல்லது நீர் கசிகிறது என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வல்லாரைச் சத்து சேர்ந்த பாம் என்று விலை கூடுதலாகச் சொல்கிறார்கள். வாசலின் போதாதா? கொல்லையில் இருக்கும் வல்லாரையை அரைத்துப் பூசலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஈரத்தைக் காப்பதில் வாசலினுக்கு நிகர் குறைவு. வாசனை சேராததாக வாங்குங்கள். இரவுக்கு அதுவே போதும். பகலில் பிசுக்கு தாங்காதவர்களுக்கு பாம் வசதி. அந்த பாமில் இருப்பது வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்த மேடகாசோசைடு போன்ற பொருள். பச்சை இலை விழுது அதற்கு ஈடல்ல. வெடித்த தோலில் விழுதை அப்பினால் ஒவ்வாமை வரக்கூடும். கொல்லை வல்லாரை துவையலுக்கே இருக்கட்டும்.