மருந்துச் சீட்டில் இல்லாத வைத்தியம்: வாசகியர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு 31 வயது. இரண்டாவது பிரசவம் முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. இருமினாலும், தும்மினாலும், குழந்தையைத் தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடுகிறது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் அடக்கி அடக்கி விடும் பயிற்சியை மூன்று வாரங்களாகச் செய்தும் பலன் இல்லை. இதற்கு மாத்திரை உண்டா, அறுவை சிகிச்சைதான் வழியா, டாக்டர்?

பதில்: இரண்டைப் பற்றியும் இப்போது யோசிக்க வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த வழி சரியானதுதான். செய்கிற முறை தவறு, செய்த காலமும் போதாது.

இடுப்புக்கூட்டின் அடியில், முன்புற எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல் ஒரு தசைத் தொகுதி விரிந்து கிடக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். கர்ப்பத்தின் சுமையாலும் பிரசவத்தின் இழுவிசையாலும் அது தளர்ந்துபோகும்போது, இருமலில் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தத்தைச் சிறுநீர்க் குழாயால் தடுத்து நிறுத்த முடிவதில்லை. ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர், இந்தத் தசைகளுக்கான பயிற்சி பற்றி 1948-இல் எழுதினார். இவ்வகைக் கசிவுக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை இன்றும் அதுவே.

சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் தங்கிவிட்டால் தொற்றுக்கு இடம் கொடுக்கும். அதற்குப் பதிலாக, முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்துக்கொண்டு, வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை முன்பக்கமாகவும் மேல்நோக்கியும் இழுங்கள். ஐந்து நொடி பிடித்து, அதே அளவு நேரம் முழுவதுமாகத் தளர்த்துங்கள். பழகப் பழகப் பத்து நொடி வரை நீட்டலாம். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதங்கள் செய்ய வேண்டும்.

என்னிடம் வரும் பெண்களில் பலர் உள்ளிழுப்பதாக நினைத்துக்கொண்டு கீழ்நோக்கி முக்குகிறார்கள். இன்னும் சிலர் மூச்சை அடக்கிப் பிட்டத்தை இறுக்குகிறார்கள். ஒரு கையை வயிற்றின் மேலும் மறு கையைப் பிட்டத்தின் மேலும் வைத்துப் பாருங்கள்: இரண்டும் அசையாமல், மூச்சும் இயல்பாக ஓட, உள்ளே மட்டும் ஏறுவதை நீங்கள் உணர வேண்டும். தும்மல் வரும் என்று தெரிந்த கணத்தில் முன்கூட்டியே சுருக்கிக்கொள்ளும் வழக்கத்தையும் பழகிக்கொள்ளுங்கள். தனியாகச் செய்து தெளிவு பிறக்கவில்லை என்றால், பெண்கள் நலனில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒரு முறையேனும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை. தாம்பத்திய உறவின்போது வலி இருந்தால் இந்தத் தசைகள் தளர்ந்திருப்பதற்குப் பதிலாக அளவுக்கு மீறி இறுகியிருக்கக்கூடும். அப்படியானால் இதே பயிற்சி வலியைக் கூட்டும். ஏதோ கீழே இறங்குவது போன்ற கனம், எரிச்சல், சிறுநீரில் இரத்தம் ஆகியவை இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு எட்டாம் மாதம். பிரசவ அறையில் உடனிருக்க மருத்துவமனையில் அனுமதி கிடைத்திருக்கிறது. அங்கே நான் வெறுமனே நிற்பதால் என்ன பயன்? மூச்சுப் பயிற்சி உண்மையிலேயே வலியைக் குறைக்குமா?

பதில்: மூச்சுப் பயிற்சி வலியை எடுத்துவிடாது. வலி வரும்போது உடலை இறுக்கிக்கொள்ளாமல் இருக்கவும், அடுத்த வலி வரும் வரை ஓய்வெடுக்கவும் அது துணைசெய்யும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது ஏமாற்றத்தில் முடியும். ஆனால் நீங்கள் உடனிருப்பதற்கு நீங்கள் நினைப்பதைவிட மதிப்பு அதிகம். பிரசவ நேரம் முழுவதும் ஒருவர் துணையாக இருப்பது பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. துணையிருந்த பெண்களுக்கு இயல்பான பிரசவம் கூடியிருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது, பிரசவ நேரமும் சற்றுக் குறைந்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவகால வழிகாட்டுதலும், பெண் தானே தேர்ந்தெடுக்கும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கிறது.

வெறுமனே நிற்க வேண்டியதில்லை. வலி தொடங்கி கர்ப்பப்பை வாய் முழுவதும் விரியும் வரையான முதல் கட்டத்தில் மனைவி படுத்தே கிடக்காமல், மருத்துவக் காரணத்தால் தடை ஏதும் சொல்லப்படாத வரை, நடக்கவும் நிற்கவும் நாற்காலியின் முதுகில் சாய்ந்துகொள்ளவும் உதவுங்கள். நிமிர்ந்த நிலைகளில் இந்தக் கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இடுப்பில் வலி குவிந்தால், உள்ளங்கையின் அடிப்பகுதியை முதுகெலும்பு முடியும் இடத்தில் வைத்து, வலி ஏறும்போது அழுத்தி, இறங்கும்போது விடுங்கள். எவ்வளவு அழுத்துவது, எங்கே அழுத்துவது என்று அவரிடமே கேளுங்கள். "தொடாதீர்கள்" என்றால் உடனே கையை எடுத்துவிடுங்கள். அது கோபம் அல்ல. குழந்தையின் தலை வெளிவரும் கட்டத்தில் செவிலியர் வெதுவெதுப்பான ஈரத்துணியைக் கீழ்ப்பகுதியில் வைத்தால் அதற்கும் காரணம் உண்டு: ஆழமான கிழிசல்களை அது குறைக்கிறது.

இத்தனையும் செய்த பிறகும் அவர் எபிடியூரல் ஊசி (பிரசவ வலியை மரத்துப்போகச் செய்ய முதுகில் போடுவது) கேட்டால், "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மருந்தில்லா முறைகளைப் பொறுமைக்கு வைக்கும் தேர்வாக மாற்றுவது எனக்கு அறவே பிடிக்காத ஒன்று.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. மாதவிலக்கு வலிக்கு வெந்நீர்ப் பை ஒத்தடம் போதுமா?

பதில்: பெரும்பாலும் போதும். ஏறத்தாழ 39 டிகிரி சூட்டை அடிவயிற்றில் தொடர்ந்து பல மணி நேரம் வைத்திருப்பது ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரைக்கு இணையான நிவாரணம் தந்ததாக 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கொதிக்கும் சூடு தேவையில்லை. பையைத் துணியில் சுற்றியே வையுங்கள். ஆனால் மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனாலோ, பள்ளிக்கு விடுப்பு எடுக்கும்படி ஆனாலோ, ஒத்தடத்தோடு நின்றுவிடாமல் மகளிர் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நான் ஒரு செவிலியர். கர்ப்பிணிகளுக்கு வாரந்தோறும் வகுப்பு எடுக்கிறேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்; அடுத்த வாரம் கேட்டால் எதுவும் நினைவில் இல்லை. துண்டுப் பிரசுரம் கொடுத்தும் பார்த்துவிட்டேன்.

பதில்: சகோதரி, குறை உங்கள் பேச்சில் இருக்காது, நீங்கள் மட்டுமே பேசுவதில் இருக்கலாம். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வை நினைவூட்டுகிறேன். அங்கே பெண்கள் குழுக்களாகக் கூடினார்கள். கூட்டங்களை வழிநடத்தியவர் அதே பகுதியைச் சேர்ந்த ஒரு பெண். பேறுகாலத்தில் தங்களுக்கு நேரும் சிக்கல்கள் எவை என்று அவர்களே பேசி, அவசரச் செலவுக்கு நிதி சேர்ப்பது, நோயாளியைத் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்வது போன்ற வழிகளையும் அவர்களே வகுத்துக்கொண்டார்கள். பிறந்த குழந்தைகளின் இறப்பு அந்தப் பகுதிகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது. இத்தகைய பெண்கள் குழுக்களை உலகச் சுகாதார நிறுவனம் 2014-இல் பரிந்துரைத்தது.

ஒரு வகுப்புக்கு மூன்று செய்திகளுக்கு மேல் வேண்டாம். இரத்தப்போக்கு, பார்வை மங்கலோடு வரும் கடும் தலைவலி, குழந்தையின் அசைவு குறைதல் என்ற மூன்று அபாய அறிகுறிகளை ஒரு நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்றுதான் பதில் வரும். அதனால், வீட்டுக்குப் போய்க் கணவரிடமோ அம்மாவிடமோ இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு, அவர்களையே சொல்லிக் காட்ட வையுங்கள். விட்டுப்போனதை அங்கேயே திருத்துங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் இதையும் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு இரத்தப்போக்கு தொடங்கினால் முதலில் யாரை அழைப்பீர்கள், எந்த வண்டியில் கிளம்புவீர்கள், வீட்டிலுள்ள மூத்த குழந்தையை யாரிடம் விடுவீர்கள்?