காரைக்குடியிலிருந்து காரில் மலைப்பயணம்: எந்த வழி, எப்படித் திட்டமிடுவது?

என்னைக் கேட்டால் போடிமெட்டு வழியாக மூணாறு. விடியற்காலையிலேயே கிளம்பி திருப்பத்தூர், மேலூர், மதுரை, தேனி என்று போனால் வெயில் ஏறுவதற்குள் போடியைத் தொட்டுவிடலாம், அங்கேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கீழே போடி சமவெளி விரிந்து கிடக்கும், அப்புறம் பூப்பாறை வரை ஏலத்தோட்டம், அதைத் தாண்டினால் தேயிலையும் ஆனையிறங்கல் அணையும். இந்தப் பகுதிக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள், அவசரமாக ஓட்டிப் போகிற வழியே இல்லை இது.

ஜூன், ஜூலை வேண்டாம். இதே வழியில் மூணாறுக்கு முன்னால் வருகிற தேவிகுளம் கேப் ரோட்டில் மழைக்கு மண் சரியும். டிசம்பர் பிற்பாதி, ஜனவரி அருமை, ஆனால் இருட்டினால் பனிமூட்டம் வந்துவிடும், ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

நம் ஊர் நேர்ச்சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இறக்கத்தைப் பற்றித்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும், அதனால் ஏறிய அதே கியரில், இரண்டாவதிலேயே, இறங்குங்கள். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்.

கொடைக்கானல்தான் வேண்டும் என்றால் சரி, 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.