பேட்ச், அப்டேட், அப்கிரேடு மூன்றும் ஒன்றுதானா?

"மூன்றும் ஒன்றுதானே? தொல்லை இல்லாமல் எல்லாவற்றையும் அணைத்து வைத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். ஒருவருக்கு நானே அப்படி அணைத்துக் கொடுத்தேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

பேட்ச் என்றால் ஒட்டு. 1940களில் ஹார்வர்டு மார்க் 1 கணினிக்கு நிரலைக் காகித நாடாவில் துளையிட்டுக் கொடுத்தார்கள். தவறான துளை விழுந்தால் அதன்மேல் தாளை ஒட்டி அடைப்பார்கள். இன்றைய பேட்சும் மென்பொருளில் உள்ள ஓட்டையைத்தான் அடைக்கிறது. அப்டேட் என்பது, பதிப்பு மாறாமல், பல ஒட்டுகளும் சில்லறை வசதிகளும் சேர்ந்து வருவது. விண்டோஸுக்கு மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வருகிறதே, அது. அப்கிரேடில் பதிப்பே மாறிவிடும்: விண்டோஸ் 10 போய் 11 வரும். வன்பொருள் ஒத்துவராமல் போகக்கூடியது பெரும்பாலும் இங்கேதான். 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதால் நன்றாக ஓடும் பழைய கணினிகள் பல தகுதி பெறவில்லை.

நான் சொன்னவர் ஒரு வரி ஆலோசகர். அவருடைய ஒரு கணினியை விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு மாற்றியதும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் நின்றுபோனது. "தம்பி, இனி எந்த அப்டேட்டும் வேண்டாம்" என்றார். பழையபடி 7-க்கே திருப்பி, நான்கு கணினிகளிலும் எல்லாவற்றையும் அணைத்தேன்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவியது. திங்கட்கிழமை காலை, கோப்புகளைப் பொதுவில் வைத்திருந்த கணினியின் திரையில் சிவப்புப் பெட்டி: 300 டாலர் பிட்காயின் கேட்டு, இடது ஓரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. கேட்ட பணத்தைக் கட்டவில்லை; கோப்புகளும் திரும்பவில்லை. வானாக்ரை நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கான பேட்ச் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. அவர் பயந்தது அப்கிரேடுக்கு. நான் சேர்த்து அணைத்தது பேட்சை.

பெயர்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான உபுண்டுவில் 'ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளை எதையும் நிறுவாது, பட்டியலைத்தான் புதுப்பிக்கும். பேட்சுகளை நிறுவுவது 'ஆப்ட் அப்கிரேடு'. பதிப்பு மாற்றத்துக்கு வேறு கட்டளை இருக்கிறது. ஆகவே, என்ன பெயரில் வந்தாலும் 'பாதுகாப்பு' என்று குறிப்பிட்டிருந்தால் அந்த வாரமே போட்டுவிடுங்கள். அப்கிரேடைத் தள்ளிப்போடலாம், ஆனால் பழைய பதிப்புக்குப் பேட்ச் வரும் வரைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

இப்போது அவர் அலுவலகத்தில் அந்தச் செவ்வாயை அடுத்த சனிக்கிழமை மாலை பேட்ச் போடுகிறேன். அதற்கு முன் கோப்புகளை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, கழற்றி, அவரே பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். அப்கிரேடு என்றால், வரித் தாக்கல் நெருக்கடி முடிந்த பிறகு, முதலில் ஒரே ஒரு கணினியில். அந்தப் பிரிண்டரில் ஒரு பில் அச்சாகி வெளியே வந்தால்தான் அடுத்த கணினியைத் தொடுவேன்.